எட்டுத் தோல்வி, ஒரு வெற்றி, புள்ளிக் கணக்கில் சமம்: கல்லூரி ஃபுட்பால் அணிகளை எப்படி ஒப்பிடுவது?

2021-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்பால் அணி, பிக் டென் கான்ஃபரன்ஸ் என்ற பல்கலைக்கழகக் கூட்டணிக்குள் ஒன்பது ஆட்டங்கள் ஆடியது. எட்டில் தோற்றது, ஒன்றில் ஜெயித்தது. ஒன்பதிலும் அது எடுத்த புள்ளிகளைக் கூட்டினால் 239. எதிரணிகள் எடுத்ததைக் கூட்டினால், அதுவும் 239.

முதல் தடவை பேப்பரில் கூட்டிப் பார்த்தபோது எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் கூட்டினேன். அதே விடைதான். பட்டியலில் அடிமட்டத்தில் கிடந்த ஒரு அணி, புள்ளிக் கணக்கில் யாருக்கும் கடன்படவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் பலர் படிக்கப் போன இடத்திலேயே இந்த ஆட்டத்துக்கு ரசிகர்கள் ஆகிவிடுகிறார்கள். சனிக்கிழமை ஆனால் வாட்ஸ்அப் குழுக்களில் "எங்க டீம் 8-1, உங்க டீம் 7-2" என்று, வெற்றி முன்னே தோல்வி பின்னே வைத்து, வாக்குவாதம் தொடங்கிவிடும். கூடவே ஈபிஏ, எஸ்பி பிளஸ், சக்சஸ் ரேட் என்று அணிகளை அளக்கும் சில கணக்குகளின் பெயர்களும் பறக்கும். பாதிப் பேர் அவற்றைத் தங்கள் கட்சிக்கு வசதியாக இழுக்கிறார்கள், மீதிப் பேர் "கம்ப்யூட்டர் சொல்றதெல்லாம் ஆட்டமா?" என்று ஒதுக்குகிறார்கள். இந்த எண்கள் என்ன கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்று தெரிந்துகொண்டால் இரண்டுக்குமே அவசியம் இருக்காது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்டமும் கான்ஃபரன்ஸும்

இங்கே ஃபுட்பால் என்றால் அமெரிக்கன் ஃபுட்பால். மைதானம் 100 யார்டு நீளம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள், அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். பத்து யார்டைத் தாண்டிவிட்டால் மறுபடியும் நான்கு டவுன். எதிர் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளிகள். பின்னாலேயே ஒரு உதைக்கு இன்னொரு புள்ளி. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளிகள் எடுக்கலாம். அதுவும் முடியாது என்றால் பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்துத் தள்ளிவிட வேண்டியதுதான். இதற்குப் பெயர் பன்ட்.

கான்ஃபரன்ஸ் என்பது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட கூட்டணி. உயர்மட்டப் பிரிவில் 130-க்கு மேல் அணிகள் இருக்கின்றன. வழக்கமான பருவத்தில் ஒரு அணிக்கு 12 ஆட்டங்கள்தான், அதில் பெரும்பாலானவை தன் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே. பிக் டென்னில் 2021-ல் 14 அணிகள் இருந்தன. 2024 முதல் 18.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பிக் டென் அணி ஒன்று தன் கான்ஃபரன்ஸில் ஆடுவது 9 ஆட்டம். மீதி 17 அணிகளில் எட்டின் முகத்தைக்கூட அந்த வருடம் பார்க்காது. ஐபிஎல் போல எல்லாரும் எல்லாரோடும் மோதும் பட்டியல் இல்லை இது. ஒருவருக்குக் கடினமான ஒன்பது, இன்னொருவருக்குச் சுலபமான ஒன்பது. ஆனால் புள்ளிப் பட்டியலில் இரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுவார்கள்.

வெற்றி தோல்விக்கு அடுத்த படி: புள்ளி வித்தியாசம்

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு நெட் ரன் ரேட் பழக்கம். எத்தனை ஜெயித்தாய் என்பதோடு, எவ்வளவில் ஜெயித்தாய் என்றும் அது கேட்கிறது. ஃபுட்பாலில் அதன் எளிய வடிவம்தான் புள்ளி வித்தியாசம்: எடுத்ததிலிருந்து கொடுத்ததைக் கழிப்பது.

நெப்ராஸ்காவின் எட்டுத் தோல்விகளையும் எடுத்துக்கொள்வோம். வித்தியாசங்கள்: 8, 3, 3, 7, 5, 9, 7, 7. கூட்டினால் 49. ஆட்டத்துக்கு ஆறு புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம், ஒரு டச்டவுன் தூரம். ஜெயித்த ஒரே ஆட்டம் நார்த்வெஸ்டர்னோடு, 56-7. அதே 49. கணக்கு இப்படித்தான் பூஜ்யத்தில் வந்து நின்றது.

உடனே ஒரு நியாயமான கேள்வி வரும்: ஒரே ஒரு அடிதடி வெற்றியால் சமமான கணக்குக்கு என்ன மதிப்பு? சரியான கேள்வி. அந்த 49-ஐ அப்படியே நம்பக் கூடாதுதான். ஆனால் மற்ற பக்கமும் இருக்கிறது. அந்த வருடம் கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஆன மிச்சிகனிடம் இந்த அணி தோற்றது 32-29. ஒஹாயோ ஸ்டேட்டிடம் 26-17. நிஜமாகவே மோசமான ஒரு அணி இப்படிப்பட்டவர்களிடம் மூன்று புள்ளியிலும் ஒன்பது புள்ளியிலும் தோற்காது, முப்பதில் தோற்கும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 2023-ன் அயோவா. பிக் டென்னில் 7-2, அப்போது இருந்த மேற்குப் பிரிவில் முதலிடம். ஆனால் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் அது எடுத்தது 131, கொடுத்தது 109. ஒன்பது ஆட்டங்களுக்கும் சேர்த்து 22 புள்ளிதான் கூடுதல், ஆட்டத்துக்கு இரண்டரைகூட இல்லை. 7-2 என்பதற்கும் 1-8 என்பதற்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் தெரிகிறது! புள்ளிக் கணக்கில் பார்த்தால் அது ஒரு தாண்டு தாண்டும் தூரம்தான்.

சுருக்கமாக: வெற்றி தோல்வி நடந்ததைச் சொல்கிறது. அணியின் பலம் என்ன என்பதற்குப் புள்ளி வித்தியாசம் இன்னும் கொஞ்சம் நல்ல சாட்சி. ஆனால் அதுவும் ஒரே ஒரு ஆட்டத்தால் ஆட்டம் காணக்கூடியது.

யார்டுகளை எண்ணுவது ஏன் போதாது

டிவியில் அடிக்கடி காட்டுவது மொத்த யார்டுகள். "இந்த அணி ஆட்டத்துக்கு 450 யார்டு எடுக்கிறது" என்பார்கள். ஒரு பேட்ஸ்மேன் 60 ரன் எடுத்தார் என்று மட்டும் சொன்னால், எத்தனை பந்தில் என்று கேட்கமாட்டோமா? அதே மாதிரிதான். வேகமாக ஆடும் அணி ஒரு ஆட்டத்தில் 85 தடவை பந்தை எடுத்து ஆடும், நிதானமாக ஆடும் அணி 60 தடவை. ஆகவே மொத்தத்தை விட்டு, ஒரு ப்ளேக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ப்ளே என்றால் பந்து எடுக்கப்பட்டு நிற்கும் வரையிலான ஒரு முயற்சி.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன், கல்லூரி ஃபுட்பாலுக்கு மட்டுமே உரியது. பந்தை எறிய நிற்கும் க்வார்ட்டர்பேக்கை எதிரணி பிடித்துச் சாய்த்துவிட்டால் இழந்த யார்டுகளை, கல்லூரிக் கணக்கில், பந்தோடு ஓடி எடுத்த யார்டுகளிலிருந்து கழிப்பார்கள். என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் அந்த நஷ்டம் எறிதலின் தலையில் விழும். அதனால் "இந்தக் கல்லூரி அணிக்கு ஓடத் தெரியவில்லை" என்று தெரிந்தால், ஓட்டம்தான் மோசமா, அல்லது எறிய நிற்பவரைக் காப்பாற்ற முடியாமல் போனதா என்று பிரித்துப் பார்த்த பிறகே பேச வேண்டும்.

எல்லா யார்டும் ஒரே யார்டு அல்ல

இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இன்னிங்ஸின் முதல் பந்தில் ஒரு ரன் ஓடுவது நல்ல தொடக்கம். கடைசிப் பந்தில் ஆறு தேவைப்படும்போது அதே ஒரு ரன் தோல்வி. ரன் ஒன்றுதான், மதிப்பு வேறு. மழை வந்தால் கிரிக்கெட்டில் போடும் டக்வொர்த் லூயிஸ் கணக்கும் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. மீதி ஓவர் இவ்வளவு, கையில் விக்கெட் இவ்வளவு என்றால், இன்னும் எவ்வளவு ரன் வரும் என்று பழைய ஆட்டங்களை வைத்து மதிப்பிடுகிறார்கள்.

ஃபுட்பாலில் இதற்கு எக்ஸ்பெக்டட் பாயின்ட்ஸ், எதிர்பார்ப்புப் புள்ளி, என்று பெயர். மைதானத்தில் பந்து எங்கே இருக்கிறது, எத்தனையாவது டவுன், இன்னும் எத்தனை யார்டு வேண்டும் என்ற மூன்றையும் சொன்னால், அந்த நிலையிலிருந்து சராசரியாக எத்தனை புள்ளி கிடைத்திருக்கிறது என்று பல்லாயிரம் பழைய ப்ளேக்களைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

விளங்குவதற்காக முழு எண்களாகவே எடுத்துக்கொள்வோம். ஒரு நிலையின் மதிப்பு 1 புள்ளி. ஒரு ப்ளே முடிந்ததும் புதிய நிலையின் மதிப்பு 3 ஆனால், அந்த ப்ளே 2 புள்ளி சேர்த்தது. மதிப்பு பூஜ்யத்துக்கு இறங்கினால் ஒரு புள்ளி போனது. இப்படி ஒவ்வொரு ப்ளேயும் கூட்டியதையோ குறைத்ததையோ கணக்கிடுவதுதான் ஈபிஏ, அதாவது எக்ஸ்பெக்டட் பாயின்ட்ஸ் ஆடட். மூன்றாவது டவுனில் 8 யார்டு வேண்டும்போது 7 எடுத்தால், யார்டுக் கணக்கில் அது நல்ல ஓட்டம். ஈபிஏ கணக்கில் நஷ்டம், ஏனென்றால் அநேகமாகப் பந்தை உதைத்து அனுப்ப வேண்டியதுதான். மூன்றாவது டவுனில் 2 யார்டு வேண்டும்போது 3 எடுத்தால், சின்ன ஓட்டம், பெரிய லாபம்.

இதற்குத் தம்பி மாதிரி ஒன்று சக்சஸ் ரேட். ஒவ்வொரு ப்ளேக்கும் பாஸா ஃபெயிலா என்று மட்டும் குறிப்பது. கல்லூரி ஆட்டத்தில் பரவலாக இருக்கும் அளவுகோல் இது: முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் நூற்றுக்கு 70, மூன்றிலும் நான்கிலும் முழுத் தூரம். முதல் டவுனில் 10 யார்டு வேண்டும், 5 எடுத்தால் பாஸ். அடுத்து 5 யார்டு வேண்டும், 4 எடுத்தால் பாஸ், 3 எடுத்தால் ஃபெயில். அப்புறம் எத்தனை சதவீதம் பாஸ் என்று பார்ப்பது. நல்ல அணிகளும் பாதி தடவைதான் பாஸ் ஆகும். இது கடினமான ஆட்டம்.

இரண்டும் ஏன் வேண்டும் என்றால், சக்சஸ் ரேட் ஒழுங்கைக் காட்டும், ஈபிஏ வீச்சையும் சேர்த்துக் காட்டும். தினமும் தவறாமல் நாலு இட்லி விற்கும் கடையும், வாரத்துக்கு ஒரு கல்யாண ஆர்டர் பிடிக்கும் கடையும் மாதக் கடைசியில் ஒரே லாபம் காட்டலாம். அடுத்த மாதம் யாரை நம்பலாம் என்பது வேறு கேள்வி. பெரிய ஓட்டங்கள் வரும், போகும். ஒழுங்கு அவ்வளவு சீக்கிரம் மாறாது.

சுருக்கமாக: ப்ளேக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதிலும் யார்டை எண்ணாமல், அந்த யார்டு அணியைப் புள்ளிக்கு எவ்வளவு அருகே கொண்டுபோனது என்று எண்ண வேண்டும்.

அதிர்ஷ்டம் எங்கே ஒளிந்திருக்கிறது

2021 செப்டம்பர் 25. மிச்சிகன் ஸ்டேட் (மிச்சிகன் அல்ல, வேறு பல்கலைக்கழகம்) மைதானத்தில் நெப்ராஸ்கா 20-13 என்று முன்னிலையில் இருக்கிறது, நான்காவது கால்பகுதி. இரண்டாம் பாதி முழுக்க மிச்சிகன் ஸ்டேட் ஒரு தடவைகூட அந்தப் பத்து யார்டைத் தாண்டவில்லை. நெப்ராஸ்கா பந்தை பன்ட் செய்கிறது. நெப்ராஸ்காவின் தடுப்பு வரிசை ஒரு பக்கம் ஓட, பந்து மறுபக்கம் போய் விழுந்தது. அதை எடுத்த மிச்சிகன் ஸ்டேட் வீரர் 62 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். 20-20. கூடுதல் நேரத்தில் நெப்ராஸ்கா எறிந்த பந்து எதிரணியின் கைக்குப் போனது, மிச்சிகன் ஸ்டேட் மூன்று புள்ளி உதைத்து ஜெயித்தது.

மிச்சிகன் ஸ்டேட் அந்த வருடத்தை 11-2 என்று முடித்தது. பட்டியலில் இந்த ஆட்டம் மற்ற வெற்றிகளைப் போலவே ஒரு வெற்றி. ப்ளே ப்ளேயாகப் பார்த்தால், பல டஜன் முயற்சிகளில் நன்றாக ஆடிய அணி, ஒரு உதையில் தோற்றது.

பந்து எதிரணிக்குப் பறிபோவதற்கு டர்ன்ஓவர் என்று பெயர். கையிலிருந்து நழுவி விழுந்தால் ஃபம்பிள். முட்டை வடிவப் பந்து தரையில் எப்படித் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. விழுந்த பந்து யாருக்குக் கிடைக்கும் என்பது நீண்டகாலக் கணக்கில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. பந்தைத் தட்டிவிடும் திறமை நிஜம். விழுந்ததை எடுப்பது பெரும்பாலும் சீட்டுக் குலுக்கல். அதனால் இந்த அளவீடுகளைச் செய்பவர்கள், ஒரு அணிக்கு எத்தனை டர்ன்ஓவர் கிடைத்தது என்பதோடு, எத்தனை கிடைத்திருக்க வேண்டும் என்றும் பார்க்கிறார்கள்.

ஒரு டச்டவுன் தூரத்துக்குள் முடியும் ஆட்டங்களும் அப்படியே. அவற்றில் ஒரு வருடம் 6-1 என்று ஜெயித்த அணி அடுத்த வருடமும் அப்படியே ஜெயிக்கும் என்று நம்ப இடமில்லை. "எங்க பசங்களுக்கு நெஞ்சுரம்" என்று சொல்வது எனக்கும் பிடிக்கும். ஆனால் வருடத்துக்கு வருடம் தொடர்கிற குணமாக அது எண்களில் தெரிவதில்லை.

இதோடு ஒன்றைக் கழிக்க வேண்டும்: தீர்ந்துபோன ஆட்டத்தின் மிச்ச நேரம். 2025 புத்தாண்டன்று, தேசிய ப்ளேஆஃபின் காலிறுதியாக நடந்த ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட், பாதி ஆட்டம் முடியும் முன்பே ஆரிகனை 34-0 என்று முந்திவிட்டது. முடிவு 41-21. பின்னால் ஆரிகன் எடுத்த யார்டுகளுக்கு ஆட்டத்தின் உண்மை நிலவரத்தோடு தொடர்பு குறைவு. இதை கார்பேஜ் டைம் என்பார்கள். நல்ல கணக்குகளில் இது நீக்கப்படும்.

எதிராளி யார்?

கடினமான கேள்வித்தாளில் 75 எடுத்த பிள்ளையும் சுலபமானதில் 85 எடுத்த பிள்ளையும் ஒரே கல்லூரியில் இடம் கேட்டால் என்ன செய்வோம்? கேள்வித்தாளின் கடினத்தை முதலில் அளப்போம். எதிராளிச் சரிக்கட்டல் என்பது இதுதான்.

2024 பிக் டென் இதற்குப் பாடம் நடத்த ஏற்ற வருடம். பென் ஸ்டேட் 8-1. இண்டியானா 8-1. இரண்டும் தோற்றது ஒரே அணியிடம், ஒஹாயோ ஸ்டேட்டிடம். இரண்டும் ஒன்றோடொன்று மோதவே இல்லை. வெற்றி தோல்விப் பட்டியலால் இவற்றைப் பிரிக்க வழியே இல்லை. ஒஹாயோ ஸ்டேட்டிடம் பென் ஸ்டேட் தோற்றது 20-13, இண்டியானா 38-15. இது ஒரு தடயம், ஆனால் ஒரே ஒரு தடயம். இண்டியானா நெப்ராஸ்காவை 56-7 என்று நொறுக்கியிருந்தது. பென் ஸ்டேட் மினசோட்டாவைத் தாண்டியதோ 26-25 என்று ஒரு புள்ளியில்.

இப்படி ஒவ்வொரு தடயமாகக் கையில் எடுத்து வாதாடினால் விடியும்வரை வாதாடலாம். கணக்கு என்ன செய்கிறது என்றால், எல்லாத் தடயங்களையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்கிறது. முதலில் எல்லா அணியும் சமம் என்று வைத்து, ஒவ்வொன்றின் சராசரியையும் குறிக்கிறது. அடுத்த சுற்றில், நீ யாரிடம் அந்தச் சராசரியை எடுத்தாய் என்று பார்த்துத் திருத்துகிறது. வழக்கமாக 20 புள்ளியில் தோற்கும் அணியை 20 புள்ளியில் ஜெயித்தால், எல்லாரும் செய்வதைத்தான் நீயும் செய்தாய். கூடுதல் மதிப்பு பூஜ்யம். இப்போது எல்லா எண்ணும் மாறிவிட்டதால், எதிராளிகளின் எண்ணும் மாறியிருக்கும். மறுபடி திருத்தல். எண்கள் அசையாமல் நிற்கும்வரை இதே வேலை. சொந்த மைதானத்தில் ஆடுவதற்கு இரண்டு மூன்று புள்ளி தள்ளுபடியும் உண்டு.

நேரில் மோதாத இரண்டு அணிகளை இப்படித்தான் ஒப்பிட முடிகிறது. நடுவில் இருக்கும் அணிகள் சங்கிலியாகின்றன. கான்ஃபரன்ஸுக்குள் இந்தச் சங்கிலி நெருக்கமானது, எல்லாரும் ஒருவரையொருவர் இரண்டு கண்ணியில் தொட்டுவிடுவார்கள். அதனால்தான் ஒரே கான்ஃபரன்ஸ் அணிகளை ஒப்பிடும்போது இந்த எண்களை நான் அதிகம் நம்புகிறேன். இரண்டு கான்ஃபரன்ஸ்களை ஒப்பிடும்போது சங்கிலி ஒற்றை நூலாகிவிடுகிறது.

எல்லாம் சேர்ந்த ஒரே எண்

எஸ்பி பிளஸ் என்பது பில் கானலி 2008-ல் உருவாக்கியது, இப்போது ஈஎஸ்பிஎன் வெளியிடுகிறது. மேலே சொன்னவை எல்லாம், அதாவது ப்ளேக்கு ப்ளே திறன், எதிராளிச் சரிக்கட்டல், வேகச் சரிக்கட்டல், ஒரே எண்ணில் அடங்கும். சராசரி அணியைவிட எத்தனை புள்ளி மேல் என்பதுதான் அந்த எண். தாக்குதல், தடுப்பு, உதை ஆட்டம் மூன்றும் தனித்தனியாகவும் கிடைக்கும்.

தனித்தனியாகப் பார்ப்பது ஏன் அவசியம் என்பதற்கு அந்த அயோவாவே சாட்சி. 2023-ல் ஆட்டத்துக்கு எடுத்த யார்டுகளில் அது நாட்டிலேயே கடைசி. ஆனால் தடுப்பு அபாரம். பன்ட் உதைப்பவர் டோரி டெய்லர், அந்த ஆண்டின் சிறந்த பன்டருக்கான விருது வாங்கியவர். எதிரணி எப்போதும் நெடுந்தூரம் வர வேண்டியிருந்தது. தாக்குதலை மட்டும் பார்த்தவர்கள் இந்த அணி எப்படி ஜெயிக்கிறது என்று கடைசிவரை புரியாமலே இருந்தார்கள்.

இப்போது, பெரும்பாலான சண்டைகளுக்கு மூலமான குழப்பம். "யார் பலசாலி?" என்பதும் "யார் அதிகம் சாதித்தார்கள்?" என்பதும் வெவ்வேறு கேள்விகள். எஸ்பி பிளஸ் முதல் கேள்விக்குப் பதில். நாளை மோதினால் யார் கை ஓங்கும் என்று சொல்லப் பார்க்கிறது. இரண்டாவது கேள்விக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் ரெக்கார்ட் போன்ற அளவீடுகள் உண்டு: இந்த அட்டவணையை ஒரு நல்ல அணியிடம் கொடுத்தால், அது இதே முடிவை எட்ட எவ்வளவு வாய்ப்பு என்று கேட்பவை. 2024-ல் ஒஹாயோ ஸ்டேட் பிக் டென்னில் 7-2, நான்காம் இடம். சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்று, கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டிக்கே போகவில்லை. சாதனைக் கணக்கில் அந்த இடம் நியாயமானது. அதே அணி தேசிய ப்ளேஆஃபில் ஆரிகனைச் சாய்த்து, 2025 ஜனவரி 20-ல் நோட்டர் டாமை 34-23 என்று ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனது. இரண்டு கணக்கும் சரிதான், கேட்ட கேள்விதான் வேறு.

எண்களின் எல்லை

பன்னிரண்டு ஆட்டங்கள் குறைவான சாட்சியம். க்வார்ட்டர்பேக்குக்கு முழங்கால் போனால் நேற்றைய எண் இன்றைக்கு உதவாது. வருடா வருடம் வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாறுகிறார்கள். இந்த எண்கள் வாய்ப்பைச் சொல்பவை. பத்தில் ஏழு என்றால் மூன்று தடவை தப்பும் என்றுதான் அர்த்தம்.

அப்புறம், அதிர்ஷ்டம் என்று நாம் ஒதுக்குவதில் எல்லாமே அதிர்ஷ்டம் இல்லை. நெப்ராஸ்கா 2022-ல் நிமிர்ந்துவிடும் என்று 2021-ன் எண்களைப் பார்த்தவர்கள் எதிர்பார்த்தார்கள், நானும்தான். முதல் ஆட்டம் டப்ளினில், நார்த்வெஸ்டர்னோடு. மூன்றாவது கால்பகுதியில் 28-17 என்று முன்னிலை. அந்த நேரத்தில், பந்தை நீளமாக உதைத்து அனுப்பாமல், தாங்களே மீட்டுக்கொள்ளலாம் என்று எதிர்பாராத விதமாகக் குறுக்கி உதைத்தார்கள். பந்து நார்த்வெஸ்டர்னுக்குப் போனது. முடிவு 31-28, மறுபடியும் மூன்று புள்ளித் தோல்வி. மூன்றாவது ஆட்டம் முடிந்த மறுநாள் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட் பதவி நீக்கப்பட்டார். அந்த உதை பந்தின் துள்ளலில் வந்ததல்ல, ஒருவர் எடுத்த முடிவு. முடிவுகளின் தரத்தை ப்ளேக்களின் சராசரி முழுதாகப் பிடிப்பதில்லை.

அந்தப் பருவம் 4-8 என்று முடிந்தது. கடைசி ஆட்டம் நவம்பர் 25 அன்று அயோவா மைதானத்தில். ஏழு வருடமாக அயோவாவிடம் தொடர்ந்து தோற்று வந்த அணி, அன்று 24-17 என்று ஜெயித்தது, ஒரே ஒரு டச்டவுன் வித்தியாசத்தில்.